போன வாரக் காபி இந்த வாரமும் கிடைக்குமா? வறுவலில் கை தேற ஒரு கும்மிடிப்பூண்டி பாடம்

அந்த டீச்சரம்மா காபித்தூள் பாக்கெட்டைத் திருப்பிக் கொண்டுவந்து கல்லா மேஜை மேல் வைத்தார். கோபமெல்லாம் இல்லை. “போன வாரம் வாங்கினது ரொம்ப நல்லா இருந்துச்சு தம்பி. இது அது இல்லை” என்றார். காசைத் திருப்பிக் கேட்கவும் இல்லை. குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

கல்லாவில் உட்கார்ந்திருந்தவர் என் தங்கை வீட்டுக்காரர். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் 9 வருடம் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தவர். ஒப்பந்தம் முடிந்து கைக்கு வந்த தொகை கொஞ்சம், தங்கை வளையலை அடகு வைத்தது கொஞ்சம். அதை வைத்து 1 கிலோ கொள்ளளவுள்ள கேஸ் வறுவல் மெஷினும் ஓர் அரவை மெஷினும் வாங்கி, சின்னதாக ஒரு காபித்தூள் கடை போட்டார். முதல் மாதம் ஷிஃப்ட் முடிந்து ரயிலுக்குப் போகிறவர்கள் வாசனையிலேயே நின்று வாங்கினார்கள். இரண்டாவது மாதம் அவர்களில் பாதிப் பேர் வரவில்லை. ஏன் என்று டீச்சரம்மா மட்டும்தான் வாயைத் திறந்து சொன்னார்.

“அதே கொட்டை, அதே மெஷின், அதே 12 நிமிஷம். அப்புறம் எப்படி மச்சான் மாறும்?” அன்று ராத்திரி மாப்பிள்ளை கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அடுத்த 6 மாதம் இரண்டு பேரும் பதில் தேடினோம். கிடைத்தவை கடை வைத்திருப்பவர்களுக்கு மட்டுமல்ல, வீட்டில் இரும்பு வாணலியில் கால் கிலோ வறுத்துப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கும் உதவும்.

ஒருநாள் நன்றாக வறுப்பது பெரிய விஷயம் இல்லை. அதே வறுவலை அடுத்த வாரமும் கொண்டுவருவதுதான் திறமை. இதுதான் நாங்கள் படித்த பாடம்.

கடற்காற்றும் கோணிப்பையும்

எங்கள் திருவள்ளூர் மாவட்டத்தில் காபி விளைவதில்லை. நாட்டின் காபியில் சுமார் 70 சதவிகிதம் கர்நாடகத்தில் விளைகிறது. தமிழ்நாட்டில் சேர்வராயன் மலை, நீலகிரி, பழனிமலை, ஆனைமலைப் பக்கம் தோட்டங்கள் இருக்கின்றன. விளைச்சலோ பதப்படுத்துவதோ நம் கையில் இல்லை. கோணிப்பை இங்கே வந்து இறங்கிய பிறகு செய்கிற வேலை மட்டும்தான் நம்முடையது.

அந்தக் கோணிப்பையிலேயே முதல் தப்பு நடந்தது. பச்சைக் காபிக்கொட்டையில் 10 முதல் 12 சதவிகிதம் ஈரம் இருப்பதுதான் சரியான அளவு. கும்மிடிப்பூண்டியில் பழவேற்காடு பக்கத்திலிருந்து வீசுகிற காற்றில் ஈரம் அதிகம். மாப்பிள்ளை மூட்டையை சிமென்ட் தரையில், சுவரை ஒட்டி வைத்திருந்தார். அடியில் இருந்த கொட்டை ஈரத்தைக் குடித்துவிட்டது. மேல் கொட்டைக்கு 12 நிமிடம் போதும் என்றால், அடிக்கொட்டைக்குப் போதவில்லை.

ஈரக்காற்று கொட்டையை எவ்வளவு மாற்றும் என்பதற்கு மேற்குக் கடற்கரையிலேயே உதாரணம் இருக்கிறது. மங்களூர் பக்கம் ‘மான்சூன்டு மலபார்’ என்று ஒரு வகை தயாரிக்கிறார்கள். கொட்டையை வேண்டுமென்றே வாரக்கணக்கில் பருவமழைக் காற்றில் பரப்பி வைப்பார்கள். அது உப்பி, வெளுத்து, புளிப்புக் குறைந்து வேறொரு காபியாகவே மாறிவிடும். அவர்கள் தெரிந்து, கணக்குப் பார்த்துச் செய்கிறார்கள். நாம் தெரியாமல் செய்துகொண்டிருந்தோம்.

இப்போது மூட்டை மரப்பலகை மேல், சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி இருக்கிறது. பிரித்த கொட்டை மூடி இறுகிய டிரம்முக்குப் போகிறது. 3 மாதத்துக்கான சரக்கை ஒன்றாக வாங்குவதை நிறுத்திவிட்டு, 3 வாரத்துக்கு மட்டும் வாங்குகிறார்.

கொட்டையின் வகையும் முக்கியம். பழத்துக்குள் வழக்கமாக இரண்டு தட்டைக் கொட்டைகள் இருக்கும். சில பழங்களில் ஒன்றே ஒன்று உருண்டையாக இருக்கும். அதுதான் பீபெரி. ‘பிளான்டேஷன் ஏ’ என்பது கழுவிப் பதப்படுத்திய அரபிகாவில் 6.65 மில்லிமீட்டர் சல்லடையில் நிற்கிற கொட்டை. உருண்டையும் தட்டையும், அரபிகாவும் ரொபஸ்டாவும் ஒரே மாதிரி சூடேறுவதில்லை. எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி வறுத்தால் ஒன்று கருகும்போது இன்னொன்று வேகாமல் நிற்கும். தனித்தனியாக வறுத்து, பிறகு கலப்பது புதிதாகப் பழகுகிறவர்களுக்குச் சுலபம்.

கண், மூக்கு, காது

வறுவல் நடக்கும்போது கொட்டை நம்மிடம் பேசிக்கொண்டே இருக்கிறது. கேட்கத் தெரிய வேண்டும்.

முதலில் ஈரம் வெளியேறும். பச்சை நிறம் வெளுத்து, பிறகு வைக்கோல் மஞ்சளாகும். வாசனையும் ஈர வைக்கோல் மாதிரிதான் இருக்கும். கொட்டையின் சூடு 150 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும் கட்டம் இது.

அடுத்து மஞ்சள் பழுப்பாகும். வாசனை ரொட்டி சுடுகிற மாதிரி மாறும். கொட்டையிலுள்ள சர்க்கரையும் புரதப் பொருட்களும் சூட்டில் சேர்ந்து புதுப்புது மணங்களை உண்டாக்கும் நேரம். தோசை முறுகுவதும் வெங்காயம் பொன்னிறமாவதும் இதே வேதிவினையில்தான். பிரெஞ்சு விஞ்ஞானி மையார் 1912-ல் இதைப் பதிவு செய்ததால் ‘மையார் வினை’ என்று பெயர்.

பிறகு 200 டிகிரியை நெருங்கும்போது, சோளப்பொரி பொரிகிற மாதிரி சடசடவென்று சத்தம் வரும். இது முதல் வெடிப்பு. உள்ளே நீராவி அழுத்தம் தாங்காமல் கொட்டை விரிகிறது. இங்கிருந்துதான் அதைக் குடிக்கிற காபி என்று சொல்ல முடியும். இன்னும் வறுத்தால் 225 டிகிரியை ஒட்டி இரண்டாவது வெடிப்பு. இந்தச் சத்தம் மெலிதாக, மத்தாப்பு பொரிகிற மாதிரி இருக்கும். கொட்டையின் மேல் எண்ணெய் மினுங்க ஆரம்பிக்கும். அதையும் தாண்டினால் கசப்பும் கரியும்தான்.

பாலும் சர்க்கரையும் சேர்க்கிற நம் ஃபில்டர் காபிக்கு, முதல் வெடிப்பு முடிந்து இரண்டாவது தொடங்குவதற்கு முன்னால் இறக்குவது நல்ல தொடக்கம். பாலைத் தாண்டியும் மணம் நிற்கும், கசப்பு மிஞ்சாது.

ஒரு காலத்தில் பச்சைக் கொட்டை வாங்கி, கையால் சுற்றும் உருளையில் வறுத்து, மேஜையில் திருகி வைத்த கை மெஷினில் அரைத்த வீடுகள் நம் ஊரில் நிறைய உண்டு. அந்த வீட்டுப் பெரியவர்கள் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள். நிமிடக் கணக்கு சொல்ல மாட்டார்கள். “வாசனை திரும்பும் பாரு, அப்ப இறக்கிடணும்” என்பார்கள்.

12 நிமிடம் ஏன் ஏமாற்றியது?

இங்கேதான் மாப்பிள்ளையின் கேள்விக்குப் பதில் கிடைத்தது. அவர் கடிகாரத்தை மட்டும் நம்பினார். கடிகாரத்தில் மாற்றம் இல்லை. மற்ற எல்லாம் மாறிக்கொண்டிருந்தன.

காலையில் முதல் ஈடு போடும்போது டிரம்மின் இரும்பு முழுதாகச் சூடேறியிருக்காது. நான்காவது ஈடு போடும்போது இரும்பே அடுப்பு மாதிரி கொதிக்கும். இரண்டுக்கும் 12 நிமிடம் கொடுத்தால் முதலாவது வேகாது, நான்காவது தீய்ந்துபோகும். சிலிண்டர் தீரப்போகும் நாளில் தீயின் வேகமும் குறையும். கொட்டையை அவர் நிறுத்துப் போடாமல் டப்பாவால் அளந்தார். ஒருநாள் 700 கிராம், இன்னொரு நாள் 900 கிராம். டீச்சரம்மா முதலில் வாங்கியது மூன்றாவது ஈடு, திருப்பிக் கொடுத்தது முதல் ஈடு என்று பிறகுதான் யோசித்துப் பார்த்தோம்.

மாற்றியது மூன்றே விஷயங்கள்தான்.

ஒன்று, கொட்டை போடும் முன் 30 நிமிடம் வெறும் டிரம்மைச் சுற்றவிட்டு சூடேற்றுவது. இரண்டு, ஒவ்வோர் ஈடும் தராசில் நிறுத்து, சரியாக 800 கிராம். 1 கிலோ மெஷினை முழுக்க நிரப்பினால் கொட்டை புரள இடமிருக்காது. மூன்று, ஓர் ஈடு இறங்கியதும் அடுத்ததை உடனே கொட்டாமல், டிரம் வழக்கமான தொடக்கச் சூட்டுக்குத் திரும்பும்வரை காத்திருப்பது.

வாணலியில் வறுப்பவர்களுக்கும் இதுவேதான். கனமான வாணலி, ஒரே அளவு கொட்டை, ஒரே அளவு தீ, கை நிற்காமல் கிளறுவது. நடுவில் போன் வந்தால் எடுக்காதீர்கள். நான் எடுத்தேன். பாதி கரி, பாதி பச்சைப் பட்டாணி மாதிரி ஒன்று கிடைத்தது. புகையைப் பார்த்து மாடி வீட்டு அக்கா ஓடி வந்தது தனிக்கதை.

40 ரூபாய் நோட்டு செய்த வேலை

எங்களிடம் இருக்கிற சாமான்களில் விலை குறைவானதும் அதிகம் உதவியதும் ஒரு நீள நோட்டுதான். ஒவ்வோர் ஈட்டுக்கும் ஒரு வரி. தேதி, எந்தக் கொட்டை, போட்ட எடை, டிரம்மின் தொடக்கச் சூடு, மஞ்சளான நேரம், முதல் வெடிப்பு நேரம், இறக்கிய நேரம், இறக்கிய எடை, மறுநாள் குடித்தபோது எப்படி இருந்தது.

ஓர் உதாரணம். முதல் வெடிப்பு 10-வது நிமிடத்தில் வந்தது, 12-வது நிமிடத்தில் இறக்கினோம். வெடிப்புக்குப் பிறகு 2 நிமிடம், அதாவது மொத்த நேரத்தில் சுமார் 17 சதவிகிதம். அடுத்த ஈட்டில் வேறு எதையும் தொடாமல் 12 நிமிடம் 30 நொடியில் இறக்கினோம். இப்போது சரியாக 20 சதவிகிதம். மறுநாள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடித்தால் வித்தியாசம் நாக்கில் தெரிகிறது. ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம் என்பதுதான் விதி. தீயையும் நேரத்தையும் அளவையும் ஒன்றாக மாற்றினால், நன்றாக வந்தாலும் எதனால் வந்தது என்று தெரியாது.

எடையைப் பார்ப்பது இன்னும் நல்ல காவல்காரன். வறுக்கும்போது ஈரமும் வாயுவும் போய் எடை குறையும். இளவறுவலில் 12 சதவிகிதத்தை ஒட்டி, நடுத்தரத்தில் 15-ஐ ஒட்டி, கருவறுவலில் 18, 20 வரைக்கும். 800 கிராம் போட்டு 680 எடுத்தால் 15 சதவிகிதம். நேற்று 680, இன்று 655 என்றால், ருசித்துப் பார்க்கும் முன்பே எங்கோ அதிகம் வறுத்துவிட்டோம் என்று தராசு சொல்லிவிடும்.

இதில் பணமும் இருக்கிறது. பச்சைக் கொட்டை கிலோ 600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 15 சதவிகிதம் குறைந்தால் வறுத்த கொட்டையின் அடக்கம் கிலோவுக்கு 706 ரூபாய். 20 சதவிகிதம் குறைந்தால் 750. கூடுதலாகக் கருக்கியதற்கு மட்டும் கிலோவுக்கு 44 ரூபாய் போகிறது. 2025 பிப்ரவரியில் நியூயார்க் சந்தையில் அரபிகா விலை ஒரு பவுண்டுக்கு 4 டாலரைத் தாண்டி உச்சம் தொட்டது. அந்த மாதிரி காலத்தில் கெட்டுப்போன ஓர் ஈடு ஒரு நாள் லாபத்தையே தின்றுவிடும்.

இறக்கியதோடு முடியவில்லை

வறுத்த கொட்டை வெளியே வந்த பிறகும் உள்சூட்டில் வெந்துகொண்டே இருக்கும். பாத்திரத்தில் குவித்து வைத்தால் நீங்கள் நினைத்ததைவிட ஒரு படி அதிகமாகவே கருத்துவிடும். அகலமான துளைத்தட்டில் பரப்பி, கீழிருந்து காற்றை இழுக்கும் விசிறியால் 4 நிமிடத்துக்குள் கை பொறுக்கும் சூட்டுக்குக் கொண்டுவர வேண்டும். வீட்டில் இரண்டு பெரிய சல்லடையும் ஒரு டேபிள் ஃபேனும் போதும். ஜன்னல் பக்கம் நின்று மாற்றி மாற்றிப் புடைத்தால் தோலும் பறந்துவிடும்.

உடனே அரைக்கவும் வேண்டாம். புதிதாக வறுத்த கொட்டையிலிருந்து கரியமில வாயு வெளியேறிக்கொண்டிருக்கும். ஒரு நாளாவது ஆறவிட்டு அரைத்தால் ஃபில்டரில் டிகாக்‌ஷன் சீராக இறங்கும்.

பால் சேர்க்காமல் குடியுங்கள்

மாப்பிள்ளைக்கு மிகக் கஷ்டமாக இருந்தது இதுதான். பாலும் சர்க்கரையும் குறையை மூடிவிடும். வறுவலைச் சோதிக்க, கொரகொரப்பாக அரைத்த தூள் 8 கிராம், கொதித்துச் சற்று அடங்கிய தண்ணீர் 150 மில்லி. ஒரு கிண்ணத்தில் ஊற்றி 4 நிமிடம் விடுங்கள். மேலே கட்டிய நுரையை ஸ்பூனால் விலக்கி, முதலில் முகருங்கள். ஆறியதும் ஸ்பூனால் உறிஞ்சிக் குடியுங்கள். உலகம் முழுக்கக் காபி ருசிபார்ப்பவர்கள் செய்வதும் ஏறக்குறைய இதுவே.

புல் வாசனை, பச்சைக்கடலை ருசி வந்தால் வறுவல் போதவில்லை. சாம்பல், புகை ருசி என்றால் மிஞ்சிவிட்டது. புளிப்பும் இல்லாமல் இனிப்பும் இல்லாமல் காய்ந்த ரொட்டி மாதிரி சப்பென்று இருந்தால், சின்னத் தீயில் ரொம்ப நேரம் இழுத்துவிட்டீர்கள். கொட்டையின் முகத்தில் மட்டும் கரும்புள்ளிகள் என்றால் தொடக்கச் சூடு அதிகம். வறுத்ததில் அங்கங்கே வெளிறிய கொட்டைகள் நின்றால் அது உங்கள் தப்பு அல்ல. பழுக்காத பழத்தின் கொட்டை அது. பொறுக்கி எறியுங்கள்.

ருசிபார்ப்பது பிறவி வரம் இல்லை, பழக்கம்தான். காபி வாரியத்தின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுக்குத் தலைமை வகித்து, பிறகு பெங்களூரில் ‘காபிலேப்’ நிறுவனத்தைத் தொடங்கிய சுனாலினி மேனன், ஆண்கள் மட்டுமே இருந்த இந்தத் துறையில் ருசிபார்ப்பதையே தொழிலாக்கி உலக அளவில் பெயர் எடுத்தவர். நம் வீட்டுப் பெண்களின் மூக்கும் நாக்கும் லேசுப்பட்டவை அல்ல. எங்கள் கடையில் இன்றைக்கும் கடைசித் தீர்ப்பு என் தங்கையுடையதுதான்.

சிக்கரியும் சில எச்சரிக்கைகளும்

சிக்கரி என்பது ஒரு செடியின் வேரைக் காயவைத்து வறுத்துப் பொடித்தது. அதில் கஃபீன் கிடையாது. டிகாக்‌ஷனுக்கு நிறமும் கெட்டித்தன்மையும் தரும். பலருக்கு அந்த ருசி பிடிக்கும், அதில் தவறில்லை. ஆனால் காபி-சிக்கரி கலவையில் எடைக்கணக்கில் காபி 51 சதவிகிதத்துக்குக் குறையக் கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு விதி. சிக்கரி எத்தனை சதவிகிதம் என்று பாக்கெட்டில் அச்சிடவும் வேண்டும். வறுவல் சரியாக வராத நாளில் சிக்கரியைக் கூட்டிக் கருப்பாக்கிவிடலாம் என்று கை பரபரக்கும். எங்களுக்கும் பரபரத்தது. அன்றைக்கு வருகிற வாடிக்கையாளர் ஏமாறலாம், நம் வறுவல் தேறாது.

பாதுகாப்பையும் சொல்லியாக வேண்டும். வறுக்கும்போது உதிரும் மெல்லிய தோல் பஞ்சு மாதிரி பற்றிக்கொள்ளும். தோல் சேரும் தட்டை ஒவ்வொரு நாளும், புகைக்குழாயைக் குறித்த இடைவெளியிலும் சுத்தம் செய்ய வேண்டும். தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். புதிதாக வறுத்த, அரைத்த காபியிலிருந்து கார்பன் மோனாக்சைடும் வெளியேறும். அதனால் காற்றோட்டம் இல்லாத அறையில் வறுக்கவோ, வறுத்த கொட்டையை அதிக அளவில் சேர்த்து வைக்கவோ வேண்டாம். ஓடும் மெஷினை விட்டு எழுந்து போகவே கூடாது.

முறையாகக் கற்க விரும்புபவர்களுக்கு பெங்களூரில் உள்ள காபி வாரியம் ‘காபி சாஸ்திரா’ என்ற பெயரில் வறுவல், அரவை, காபி தயாரிப்புப் பயிற்சி நடத்துகிறது. மெஷின் வாங்கும் முன் அங்கே விசாரியுங்கள். எங்களைப் போல மெஷின் வாங்கிவிட்டுப் பாடம் தேடாதீர்கள். சிறு தொழில்முனைவோருக்கான மானியம் ஏதும் அப்போது நடப்பில் உள்ளதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். விற்பனைக்கு என்றால், சின்னக் கடையானாலும் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவோ உரிமமோ கட்டாயம்.

மாப்பிள்ளைக்குத் தொழிற்சாலைச் சம்பளம் அளவுக்கு இன்னும் வருமானம் நிற்கவில்லை. வளையலும் மீளவில்லை. ஆனால் கடந்த 2 மாதமாக அவர் இறக்கும் எடை 675-க்கும் 685-க்கும் நடுவிலேயே நிற்கிறது. பாக்கெட்டிலும் ஈடு எண்ணும் வறுத்த தேதியும் எழுதி ஒட்டுகிறார். யாராவது “இது அது இல்லை” என்றால், நோட்டைப் புரட்டி எந்த வரி என்று பார்த்துவிடலாம்.

டீச்சரம்மாவுக்கு கால் கிலோ பாக்கெட் ஒன்றை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தோம். காசு வாங்க மாட்டோம் என்றதற்கு ஒப்புக்கொள்ளவில்லை. போன சனிக்கிழமை அவர் கடைக்கு வந்து, பழைய காலி பாக்கெட்டை நீட்டி, அதில் எழுதியிருந்த எண்ணைக் காட்டினார்.

“இதே மாதிரி அரைக் கிலோ குடு தம்பி.”